அப்பா இடம் காலியில்லை

பல் பிடுங்க ஒரு நாள் லீவு போட்டதில் அப்பாவுக்கு அப்பா வேலை போய்விட்டது.

லீவு முறைப்படி எழுதிக் கொடுத்து வாங்கியதுதான். கடைவாய்ப் பல், வலது பக்கம், கீழ் வரிசை என்று காரணத்தைக்கூட விளக்கமாக எழுதியிருந்தார். மறுநாள் காலை ஒரு கன்னம் பன் மாதிரி வீங்கியிருக்க, வழக்கம்போல ஏழரை மணிக்கு ஸ்டூடியோ வாசலில் போய் நின்றார். ஏழு வருடமாக அவரைப் பார்த்ததும் எழுந்து நிற்கிற காவலாளி அன்று எழுந்திருக்கவில்லை. யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். யாரையும் பார்க்க வேண்டாம், நான்தான் அப்பா என்றார் இவர். காவலாளி வருகை நோட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு மரியாதையாகத்தான் சொன்னார்.

"அப்பா ஏழு மணிக்கே உள்ள போயிட்டாருங்களே."

அவருக்கு வேறு பெயரே இல்லையா என்றால், இருந்தது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர்தான். 'நிரந்தரம்' என்ற குடும்பத் தொடரில் அப்பாவாக நடிக்க வந்த நாளிலிருந்து அதை யாரும் கூப்பிட்டதில்லை. டீக்கடைக்காரர் அப்பா என்றார், பஸ் கண்டக்டர் அப்பா என்றார். பல்லைப் பிடுங்கிய டாக்டர் இவரைவிடப் பத்து வயது மூத்தவர். அவரும், "அப்பா, வாயை இன்னும் கொஞ்சம் திறங்க" என்றுதான் சொன்னார்.

தொடருக்குத்தான் நிரந்தரம் என்று பெயர். அதில் நிரந்தரமாக இருந்தது சாப்பாட்டு மேஜை ஒன்றுதான். அம்மா இரண்டு தடவை மாறியிருந்தார். சித்தப்பா ஒரு வெள்ளிக்கிழமை தூங்கப் போய்த் திங்கட்கிழமை இன்னொரு ஆளாக எழுந்து, அதே பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டார். மூத்த மகன் போர்வை எடுத்துவர மாடிக்குப் போய் ஐந்து வருடமாகிறது. இன்னும் இறங்கி வரவில்லை, வீட்டில் ஒருவரும் தேடவுமில்லை. ஒவ்வொரு தடவையும் திரையின் அடியில் மூன்று விநாடிக்கு ஒரு வரி வரும்: 'இவருக்குப் பதில் இவர்.' அந்த வரி வந்துவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது. பெற்ற தாய் மாறிப்போனாலும் பிள்ளைகள் சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு மாற்றத்திலும் ஆட்களில் மாறாமல் நின்றது இரண்டு பேர். ஒருவர் அப்பா. இன்னொருத்தி கடைக்குட்டி மகள், எல்லாருக்கும் பொடிசு. நாலு வயதில் வந்தாள், இப்போது பதினொன்று. கம்பெனி வேன் கொண்டுவந்து விடும், கம்பெனி வேன் கொண்டுபோகும். அவளுடைய நிஜ வீட்டில் அப்பா என்று யாரும் கிடையாது என்பதுமட்டும் இவருக்குத் தெரியும். வீடு எங்கே என்று தெரியாது. திரைக் குடும்பத்தார் வெளியே உறவாடக் கூடாது என்பது ஒப்பந்தத்தின் பதினேழாவது விதி. உள்ளே உறவாடுவதை யாரும் தடுக்கவில்லை. லைட் மாற்றுகிற நேரத்தில் பின்னக் கணக்கு சொல்லிக் கொடுத்தது இவர். அவளுடைய பால் பற்கள் அத்தனையும் இவர் கைக்குட்டையில்தான் விழுந்தன. மூன்றாவது அம்மா வந்த அன்று பொடிசு இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க போறதா இருந்தா எங்கிட்ட சொல்லிட்டுப் போவீங்களாப்பா?"

"சொல்லாம எங்கம்மா போவேன்" என்று சொல்லியிருந்தார்.

இப்போது ஸ்டூடியோ வாசலில் நிற்கையில் வேலை போனது அவ்வளவு பெரிதாகப் படவில்லை. வேலை என்றால் போகும், வரும். வாக்குக் கொடுத்துவிட்டுச் சொல்லாமல் வந்துவிட்டோமே என்பதுதான் பல் இருந்த பள்ளத்தைவிட அதிகமாக வலித்தது. ஐந்து நிமிடம் கிடைத்தால் போதும். அவளைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அப்புறம் அவர்கள் யாரை வேண்டுமானாலும் அப்பாவாக வைத்துக்கொள்ளட்டும். வேன் வருகிற வழியில் இரண்டு நாள் நின்று பார்த்தார். கண்ணாடியெல்லாம் கறுப்பு. இரண்டாம் நாள் துணிந்து ஒரு வேனைப் பார்த்துக் கையை ஆட்டினார். அதில் விளக்குகள் போகின்றன என்று காவலாளி சொன்னார்.

வீட்டில் அக்கா இருந்தாள். கணவர் போனபின் தம்பியோடு வந்து தங்கியவள். தம்பி நடிப்பதால் தொடரைப் பார்க்க ஆரம்பித்து, காலப்போக்கில் தொடர் ஓடுவதால் தம்பியைப் பொறுத்துக்கொள்கிற நிலைக்கு வந்திருந்தாள். நாலாம் நாள் மாலை இருவரும் டிவி முன் உட்கார்ந்தார்கள். சாப்பாட்டு மேஜையில் அப்பா நாற்காலியில், அப்பாவின் நீலக் கட்டம் போட்ட சட்டைக்குள் யாரோ ஒருவர் இருந்தார். யாருடா இவன் என்று அக்கா கொதித்தாள். கீழே வரி வந்தது. மூன்று விநாடி அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். உடனே அவள் முகம் தெளிந்துவிட்டது.

"பாவம், அப்பா மெலிஞ்சு போயிட்டாரு" என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பியைத் தலை மறைக்கிறது, கொஞ்சம் தள்ளி உட்கார் என்றாள். அவர் தள்ளி உட்கார்ந்து பார்த்தார். பொடிசு தட்டை நகர்த்தினாள், 'தண்ணி வேணுமாப்பா' என்ற வசனத்தைப் பிசகில்லாமல் சொன்னாள். தலையைமட்டும் நிமிர்த்தவேயில்லை.

மறுநாள் கம்பெனியின் மூன்றாவது மாடிக்குப் போனார். அங்கே உறவுமுறைத் துறை என்று ஒன்று உண்டு. வெளியே நீளமான பெஞ்சில் முன்னாள் முதல் அம்மா, முன்னாள் இரண்டாம் அம்மா, முன்னாள் சித்தப்பா மூவரும் மூப்பு வரிசைப்படி உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் தாடியோடு ஓர் ஆள் எழுந்து இவருக்கு இடம் கொடுத்தான். பார்த்தால் மூத்த மகன். பையன் நிஜமாகவே மாடிக்குத்தான் வந்திருந்தான். அனுபவச் சான்றிதழ் கேட்டு ஐந்து வருடமாக இங்கேதான் இருக்கிறானாம். அவன் பாத்திரம் இன்னும் முடியவில்லை, போர்வை எடுத்துக்கொண்டிருக்கிறது, ஆகவே சான்றிதழ் தர முடியாது என்று துறை சொல்லிவிட்டதாம். கீழே எல்லாரும் சௌக்கியமா அப்பா என்று விசாரித்தான்.

உறவு மேலாளர் நல்ல மனிதர். கத்தமாட்டார், காக்க வைப்பதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் காக்க வைப்பார். இவரை உட்காரச் சொல்லி, பல் எப்படி இருக்கிறது என்று கேட்டு, பதிலையும் ஃபைலில் குறித்துக்கொண்டார். ஒரு நாள் லீவுக்கு நீக்குவது நியாயமா என்று இவர் கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது.

"உங்கள நாங்க நீக்கலைங்க. இந்த நிறுவனத்துல இதுவரைக்கும் ஒருத்தரையும் நீக்கினது கிடையாது. அப்பா இருக்காரு, நல்லா இருக்காரு. நீங்க அவரா இல்ல, அவ்வளவுதான்."

பிறகு விவரமாக எடுத்துச் சொன்னார். அப்பாவுக்குப் பன்னிரண்டு சட்டை தைத்து வைத்திருக்கிறார்கள். லீவு போட்ட அன்று சாப்பாட்டுக் காட்சி இருந்தது. ஏசி ரிப்பேர் பார்க்க வந்த மெக்கானிக் கையில் ஒரு சட்டையைக் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். காலர் கச்சிதமாகப் பொருந்தியது. சட்டைக்கு ஆள் கிடைப்பதுதான் இந்தத் தொழிலில் கஷ்டம், பாசம், கண்டிப்பு, தியாகம் இதெல்லாம் தோள் அளவு சரியாக இருந்தால் தன்னால் வந்துவிடும் என்று முப்பது வருட அனுபவத்தில் கண்டிருக்கிறார்களாம். இதைச் சொல்லும்போது மேலாளர் கண்ணில் பெருமை தெரிந்தது.

இவர் வேலையைத் திருப்பிக் கேட்கவில்லை. பொடிசை ஐந்து நிமிடம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். தாராளமாக என்று ஒரு படிவம் வந்தது. குழந்தைக்கு என்ன உறவு என்ற கட்டத்தில் அப்பா என்று எழுதினார். மேலாளர் வருத்தத்தோடு அதை அடித்தார். அப்பா இடம் காலியில்லை. உறவில்லாதவர் குழந்தையைப் பார்க்க விதியில்லை. வேறு உறவு ஏதாவது காலியிருக்கிறதா என்று இவர் கேட்க, மேலாளர் பட்டியலைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறார், ஆனால் முதல் ஆறு மாதம் ஜன்னல் வழியாகத்தான் பார்க்கலாம். தூரத்து மாமா ஒருவர் வருகிறார், அவர் கையைப் பொடிசு பிடித்துக்கொள்கிற மாதிரிக் காட்சிகூட இருக்கிறது. அதையே கொடுங்கள் என்றார் அப்பா. அந்த மாமா சுயநினைவு இல்லாதவர், கண் திறக்கவோ வாய் திறக்கவோ கூடாது என்றார் மேலாளர். கை வரைக்கும் வந்தது வாய்க்கு எட்டாமல் போயிற்று.

கேட்டுக் கேட்டு எட்டு நாளாயிற்று. ஒன்பதாம் நாள் மேலாளர் மனமிரங்கி ஒரு வழி சொன்னார். 'பொறுப்பை ஒப்படைக்கும் முன்னாள் தந்தை' என்ற புது உறவை ஏற்படுத்தலாம், அதற்கு ஐந்து நிமிடம் உண்டு. ஆனால் குழந்தையிடம் என்ன பேசுவீர்கள் என்பதைச் சட்டப் பிரிவு முன்கூட்டியே பார்க்க வேண்டும். இவர் கொஞ்சம் யோசித்து, 'போயிட்டு வரேம்மா' என்று எழுதிக் கொடுத்தார். மூன்று நாளில் திரும்பி வந்தது. இது திரும்பி வருவதாக உறுதியளிக்கிறது, நிறுவனத்துக்கு அப்படி ஒரு எண்ணம் இல்லை. சரி என்று 'போறேம்மா' என்று எழுதினார். அதுவும் வந்தது. இது யாரோ போகிறார்கள் என்ற தவறான செய்தியைத் தருகிறது. கடைசியில் சட்டப் பிரிவே நல்ல மனதோடு ஒரு வாக்கியம் தயாரித்துக் கொடுத்தது: 'இதுவரை இருந்தவர், இனி இருப்பவராகத் தொடர்ந்து இருந்துவருகிறார்.' முகபாவம் இல்லாமல் ஒரு தடவை வாசிக்கலாம். அப்பா பஸ்ஸிலும் படுக்கையிலும் அதை நெட்டுருப் போட்டார். எப்படிச் சொன்னால் அந்தக் குழந்தைக்குப் புரியும் என்று எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தும் அவருக்கே புரியவில்லை.

ஐந்து நிமிடத்துக்கு முன்னால் ஒப்படைப்பு நடக்க வேண்டும். ஓர் அறையில் புது அப்பாவையும் பழைய அப்பாவையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பட்டியலை வாசித்தார்கள். மூக்குக் கண்ணாடி ஒன்று. பவர் இல்லை. கைக்கடிகாரம் ஒன்று. ஓடாது. கோபம் வந்தால் பேப்பரை மடிக்கிற விதம். அப்பா இருமல், வறட்டு, ஒன்று. இந்த இருமலை இவர்தான் தன் சொந்த மூளையில் கண்டுபிடித்தார். மகள் தவறு செய்ததைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்க வேண்டிய இடத்தில் லேசாக இருமுவார், அதில் மன்னிப்பு இருக்கும். அதைப் புது அப்பாவுக்கு ஐந்து தடவை இருமிக் காட்டி, அவர் சரியாக இருமியதும் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். இனி பொது இடத்தில் இருமினால் நிறுவனத்தின் சொத்தை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாகும் என்று எச்சரிக்கையும் கொடுத்தார்கள். அந்த வாரமே அவருக்குச் சளி பிடித்தது. பஸ்ஸில் கர்சீப்பை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

"என்ன இருந்தாலும் அவன் உன்னவிட நல்லா இருமுறான்டா" என்றாள் அக்கா.

மெக்கானிக்கை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒப்படைப்பு முடிந்து அதிகாரிகள் டீ குடிக்கப் போனதும் இவர் பக்கம் சாய்ந்து தணிந்த குரலில் பேசினார்.

"சார், நான் ஏசிக்கு கேஸ் ஃபில் பண்ண வந்தவன். அந்த மெஷின் இன்னும் சரியாகல. அதைச் சொன்னா யாரும் காதுல வாங்க மாட்டேங்கறாங்க. எனக்கு வீட்டுல ரெண்டு பசங்க இருக்காங்க சார். அதுங்க டிவியப் பாத்துட்டு, 'நீங்க அந்தப் பொண்ணோட அப்பாவா'ன்னு கேக்குதுங்க."

பொடிசு எப்படி இருக்கிறாள் என்று இவர் கேட்டார். மெக்கானிக் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் டீ குடிக்கப் போனவர்கள் வந்துவிட்டார்கள். ஐந்து நிமிடத்துக்கு அடுத்த வாரம் தேதி தருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

அடுத்த வாரம் வருவதற்குள் வேறொன்று நடந்தது. அம்மா விம்மி அழுகிற காட்சியில் மெக்கானிக் அவர் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். அங்கே ஏசி கடகடத்துக்கொண்டிருந்தது. மறுநாள் மூத்த மருமகள் மயங்கி விழுகிற இடத்தில் எழுந்தே போய்விட்டார், ஸ்டூலைத் தேடிக்கொண்டு. அப்பாவுக்குக் குடும்பத்தில் பற்று விட்டுப்போய்விட்டது, சாமியாராகப் போகிறாரோ என்று நேயர்களிடமிருந்து சாக்குச் சாக்காகக் கடிதம் வந்தது. விளம்பரக்காரர்களும் அதையே கேட்டார்கள். மேலாளர் இவரை வீட்டிலிருந்து காரில் அழைத்துவரச் செய்தார்.

"தந்தைமைக்குக் கொஞ்சம் அனுபவம் வேணும்னு ஆராய்ச்சியில இப்ப தெரியவந்திருக்கு. உலகத்துலயே முதல் தடவையா நாங்கதான் கண்டுபிடிச்சிருக்கோம். வாழ்த்துகள், அப்பா இடம் காலியாயிருக்கு. கன்னமும் வத்திடுச்சு, காலர் நிக்கும்."

அப்பா உடனே இருமலைத் திருப்பிப் பெற்றுக்கொண்டதாகக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். பெஞ்சில் இருந்த மூத்த மகன் எழுந்து நின்று கைகொடுத்தான், சான்றிதழைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றான். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியில் இறங்கினார். சட்டப் பிரிவின் வாக்கியம் இனித் தேவையில்லை. நேரே போய், 'பல்லு வலிம்மா, தப்பு என்மேலதான், ஒரு ஃபோனாவது பண்ணியிருக்கணும்' என்று சொல்லிவிடுவார். கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அப்புறம் சரியாகிவிடுவாள். பின்னக் கணக்கில் பாதியில் விட்டிருந்தார்கள், பெருக்கல் வரைதான் வந்திருந்தது.

தளத்தில் மெக்கானிக் பொத்தான்களைக் கழற்றிச் சட்டையை இவர் கையில் கொடுத்தார். சூடாக இருந்தது, அப்படியே போட்டுக்கொண்டார். அவர் கும்பிட்டுவிட்டு, இவர் முகத்தைப் பார்க்காமல் ஸ்டூலை எடுத்துக்கொண்டு ஏசி பக்கம் போய்விட்டார். இவர் அதைக் கவனிக்கவில்லை. சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் பொடிசு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அதே மஞ்சள் கவுன், அதே ரெட்டைச் சடை. கூப்பிட்டார். திரும்பியது வேறு குழந்தை.

எட்டு வயது இருக்கும். மிரண்டுபோயிருந்தது. கவுன் தோளில் நிற்காமல் முதுகில் இரண்டு ஊக்குப் போட்டிருந்தார்கள்.

மேலாளர் தளத்துக்கே வந்திருந்தார், வரவேற்பதற்காக. இவர் பார்த்த பார்வையைப் புரிந்துகொண்டு தானாகவே விளக்கம் கொடுத்தார்.

"அந்தக் குழந்தை வசனத்துல இல்லாத கேள்வி கேக்க ஆரம்பிச்சிடுச்சுங்க. கேமரா ஓடிட்டிருக்கு, பக்கத்துல அப்பா உக்காந்திருக்காரு, அவருகிட்டயே 'எங்கப்பா எங்க'ன்னு கேக்குது. ஒரு நாள்னா பரவாயில்ல, தினமும். குடும்பத் தொடர்ல இப்படிக் கேட்டா குடும்பம் என்னத்துக்கு ஆகும், சொல்லுங்க."

எப்போது என்று கேட்டார் அப்பா. நேற்று என்றார் மேலாளர். நான் திரும்பி வருவது எப்போது முடிவானது என்று கேட்டார். அதுவும் நேற்றுத்தான் என்றார் மேலாளர். அப்படியானால் அவளிடம் யாராவது ஒரு வார்த்தை சொன்னீர்களா என்று கேட்டார். அது வேறு ஃபைல் என்றார் மேலாளர். இரண்டு ஃபைலும் ஒரே மேஜையில்தான் இருந்தன, ஆனால் வேறு வேறு ஃபைல். சரி, அவள் இப்போது எங்கே, வேன் டிரைவரையாவது கேட்டுச் சொல்லுங்கள் என்று இவர் கையைப் பிடித்துக்கொண்டார். தன் வயதையும் மறந்து அத்தனை பேர் முன்னால் கெஞ்சினார். மேலாளர் பொறுமையாக அந்தக் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"அவங்க எங்கயும் போகலைங்க. இதோ நிக்கிறாங்களே" என்று புதுக் குழந்தையைக் காட்டினார்.

பிறகு ஒரு தாளை நீட்டினார். மகள், ஒன்று, நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன். கீழே அப்பா கையெழுத்து. இவர் பேனாவைத் தொடவில்லை. மாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே நடக்க வேண்டும் என்றுதான் நினைத்தார். சட்டையைக்கூடக் கழற்ற ஆரம்பித்தார். அப்போது அந்தக் குழந்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. தன்னைப் பிடிக்காமல்தான் இவர் போகிறார் என்று நினைத்து உதட்டைப் பிதுக்கியது. அழுதால் பவுடர் கலையும் என்று யாரோ அதட்டினார்கள். குழந்தை அழுகையை விழுங்கியது. எட்டு வயதில் அதை எங்கே கற்றுக்கொண்டதோ. அப்பா பொத்தான்களைத் திரும்பப் போட்டுக்கொண்டு தாளில் கையெழுத்துப் போட்டார்.

அன்றைய காட்சி, வெளியூர் போயிருந்த அப்பா வீடு திரும்புவது. மகள் ஓடிவந்து கட்டிக்கொள்ள வேண்டும். எங்கே போனீர்கள் என்று கேட்க வேண்டும். அவர் அவள் தலையைத் தடவி, இனிமேல் அப்பா உன்னை விட்டு எங்கேயும் போகமாட்டேன் என்று கண் கலங்கச் சொல்ல வேண்டும். விளக்கு எரிந்தது. குழந்தை ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டு வசனத்தைச் சொன்னது. அவரும் தன்னுடையதைச் சொன்னார். கண் கலங்குவதற்குச் சிரமமே இருக்கவில்லை. முதல் டேக்கிலேயே ஓகே என்றார் இயக்குநர், நாலு பேர் கை தட்டினார்கள். திரையின் அடியில் போடுவதற்கு இரண்டு வரி தயாராக இருந்தது, ஒன்று இவருக்கு, ஒன்று குழந்தைக்கு. இரண்டையும் ஒரே மூன்று விநாடியில் போட்டுவிடலாம் என்று மேலாளர் சொல்லிக்கொண்டிருந்தார்.

விளக்கை அணைத்த பிறகும் குழந்தை இடுப்பை விடவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்துக் காதைக் கீழே கொண்டுவரச் சொன்னது.

"நிஜமாவே போக மாட்டீங்களா?"

அப்பா வாயைத் திறந்தார். எதிரே மேலாளர் ஃபைலோடு நின்றுகொண்டிருந்தார். குழந்தையின் பிடி இறுக்கமாக இருந்தது.

"அதெல்லாம் மூணாவது மாடியிலதாம்மா கேக்கணும்" என்றார்.

குழந்தை சரியென்று தலையை ஆட்டிவிட்டு, அடுத்த காட்சிக்குச் சடையைச் சரிசெய்துகொள்ளப் போனது.